வேதாகமத்தை அதிகம் அறியாத ஒரு தகப்பன் தன் வீட்டாரை விசுவாசத்தில் நடத்த முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் திருமணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்தே விசுவாசத்துக்கு வந்தவர். உங்கள் மனைவி சிறுவயது முதல் வேதத்தில் வளர்ந்தவர். வீட்டில் குடும்ப ஜெபத்தை இதுவரை அவரே நடத்திவந்திருக்கிறார். தகப்பனே வீட்டின் ஆசாரியன் என்று சபையில் கேட்ட ஒரு பிரசங்கம் உங்களை உறுத்தியதால் அந்தப் பொறுப்பை நீங்கள் கையில் எடுத்தீர்கள். பத்து வயது மகள் வந்து உட்கார்ந்தாள், பதினைந்து வயது மகன் வரமாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டான். அவனைக் கட்டாயப்படுத்த வேண்டுமா, விட்டுவிடலாமா, நாளை அவன் விசுவாசத்தை விட்டு விலகினால் தேவன் உங்களிடம் கணக்குக் கேட்பாரா என்பவை நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், தனக்குத் தகுதி இல்லை என்று உணருகிற ஒரு தகப்பன் மற்றவர்களை எப்படி நடத்துவது என்ற தயக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்ல முயலுகிறேன்.

நான் இறையியல் கற்று, நெடுங்காலம் சபைப் பணியில் இருந்தவன்; ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததிலும் பெற்றோர்களோடு பேசியதிலும்தான் அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி போனது. வேதம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது என்பதைக் குறித்து ஓரளவு உறுதியாகப் பேசுவேன். வீடுகளில் எது பலன் தருகிறது என்பதைக் குறித்து நான் சொல்லுவது அனுபவத்தில் பிறந்த கருத்து. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மனநல மருத்துவன் அல்லன். உங்கள் மகனின் ஒதுங்குதல் ஜெப நேரத்தில் மட்டுமல்லாமல் உணவு, உறக்கம், நண்பர்கள், படிப்பு என்று எல்லாவற்றிலும் தெரிந்தால் அது விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இராது. அந்த நிலையில் தகுந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுவதே முதல் வேலை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதது. பிள்ளைகளின் விசுவாச வளர்ப்பில் தகப்பனுக்குப் பொறுப்பு உண்டு என்பது வேதத்தில் தெளிவாகவே இருக்கிறது. எபேசியர் 6:4 இவ்வாறு சொல்லுகிறது: “பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக.” இந்த வசனத்தைப் பிரசங்கிக்கிற பலரும் பின்பகுதியை அழுத்திச் சொல்லிவிட்டு முன்பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பவுல் இதை எழுதிய காலத்து ரோமச் சட்டத்தில் குடும்பத் தலைவனுக்குத் தன் பிள்ளைகளின் உயிர்மீதே அதிகாரம் இருந்தது. பிறந்த குழந்தையை ஏற்பதும் வெளியே எறிந்துவிடுவதும் அவன் முடிவு. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னும் அந்த அதிகாரம் அவன் சாகும்வரை நீடித்தது. அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு தகப்பனைப் பார்த்து, உன் பிள்ளையைக் கோபப்படுத்தாதே என்று சொல்லுவது அவன் கையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். கொலோசெயர் 3:21 அதற்குக் காரணத்தையும் தருகிறது: “உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி.” பிள்ளை மனம் சோர்ந்துபோகக்கூடும் என்பதை அப்போஸ்தலர் கணக்கில் எடுத்திருக்கிறார். பொறுப்பும் அந்தப் பொறுப்பின் எல்லையும் ஒரே வசனத்தில் சேர்ந்தே கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். உங்கள் மகனைக் குறித்த கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

‘வீட்டின் ஆசாரியன்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அப்படி ஒரு பட்டத்தை வேதாகமம் எந்த இடத்திலும் தகப்பனுக்குக் கொடுக்கவில்லை. நோவாவும் ஆபிரகாமும் பலிபீடம் கட்டினார்கள், யோபு தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் அதிகாலையில் எழுந்து சர்வாங்க தகனபலி செலுத்தினான் (யோபு 1:5) என்பவற்றிலிருந்து பிற்காலத்தார் அந்தக் கருத்தை உருவாக்கினார்கள். யோபுவின் அக்கறை நமக்கு நல்ல முன்மாதிரிதான். ஆனால் புதிய ஏற்பாட்டில் 1 பேதுரு 2:9 விசுவாசிகள் எல்லாரையும் ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று அழைக்கிறது. 1 தீமோத்தேயு 2:5 தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்கிறது. ஆகவே உங்கள் மனைவியும் பிள்ளைகளும் உங்கள் வழியாகத்தான் தேவனிடம் போக வேண்டும் என்ற பொருளில் அந்தப் பிரசங்கத்தை நீங்கள் கேட்டிருந்தால், அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடலாம். மற்றவர்களுக்காகப் பரிந்து ஜெபிக்கிறவன் என்ற பொருளில் கேட்டிருந்தால் அது நல்லது. அந்த வேலை உங்கள் மனைவிக்கும் உண்டு.

கணவன் மனைவிக்குத் தலையாயிருக்கிறான் என்ற எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் உண்மையான கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இறுதி முடிவு எடுக்கும் அதிகாரம் கணவனுடையது என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள்; 21-ஆம் வசனத்தின் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதலே முழுப் பகுதிக்கும் அடிப்படை என்று மறு சாரார் சொல்லுகிறார்கள். அந்த வாதத்தை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. எந்தத் தரப்பாரும் மறுக்காத ஒன்று இருக்கிறது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுதான் அங்கே கணவனுக்கு முன் வைக்கப்படும் அளவுகோல். அதை உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருத்திப் பார்த்தால், இத்தனை ஆண்டுகள் தனியாக இந்தப் பணியைச் சுமந்த உங்கள் மனைவியிடமிருந்து அதை ஒரே நாளில் வாங்கிக்கொள்வது தலைமை ஆகாது. முதலில் அவருக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு எந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். உங்கள் மகன் வரமறுத்ததில் ஒரு பங்கு இந்தத் திடீர் மாற்றத்தினாலும் இருக்கலாம். தாயோடு பழகிய ஒழுங்கு காரணம் சொல்லப்படாமல் மாறினால் பதினைந்து வயதுப் பையனுக்கு அது அதிகாரப் போட்டியாகவே தெரியும். இது என் ஊகம்தான், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

உங்கள் மனைவி இதுவரை செய்தது தகப்பன் செய்யத் தவறியதற்கான தற்காலிக ஏற்பாடு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று மட்டுமே அப்போஸ்தலர் 16:1 சொல்லுகிறது. தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசம் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் முதலில் நிலைத்திருந்தது என்று பவுல் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். நான்காம் நூற்றாண்டில் பிறந்த, சபையின் பெரிய போதகரான அகஸ்தீனுடைய தகப்பன் பத்ரீசியுஸ் தன் வாழ்நாளின் கடைசியில்தான் கிறிஸ்தவனானான். மகனுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தவர் தாய் மோனிக்கா. சபை இவ்விரு தாய்மாரையும் நன்றியோடு நினைவுகூர்ந்து வருகிறது. எனவே தகப்பன் நடத்தாவிட்டால் குடும்பம் விசுவாசத்தில் நிற்காது என்று சொல்லுவது வேதத்துக்கும் வரலாற்றுக்கும் பொருந்தாத பேச்சு. ஆனாலும் தாய் செய்கிறார் என்பது தகப்பனுக்கு விடுமுறை ஆகாது. உங்கள் உள்ளத்தில் எழுந்த உறுத்தல் நல்ல உறுத்தல்தான்.

இனி தகுதியைப் பற்றி. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்க வேண்டும் என்ற கட்டளை 7-ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம், இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது என்கிறது. வேண்டிய தகுதி அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. எத்தனை வசனம் மனப்பாடம், எத்தனை ஆண்டு விசுவாசி என்ற கேள்வியே அங்கே இல்லை. 7-ஆம் வசனம் குறிப்பிடுகிற இடங்களையும் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இவை தகப்பனும் பிள்ளையும் வழக்கமாகச் சேர்ந்திருக்கும் நேரங்கள். போதனைக்கென்று தனியாக ஒரு மேடை அங்கே கட்டப்படவில்லை. சுவிசேஷத்தில் தன் பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த ஒரு தகப்பனின் ஜெபம் மாற்கு 9:24-இல் இருக்கிறது: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” குறைவான விசுவாசத்தை மறைக்காமல் கண்ணீரோடு சொன்ன அந்த மனிதனுடைய மகன் சுகமானான். நீங்களும் அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் புதிதாக வந்ததும் அல்ல. 1529-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் தம் சிறிய ஞானோபதேச நூலை வெளியிட்டபோது, பத்துக் கட்டளைகளும் விசுவாசப்பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கத்தக்க விதத்தில் கேள்வி பதிலாக எழுதினார். அன்றைய தகப்பன்மார்களில் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது என்பதை அறிந்தே அப்படிச் செய்தார். 1647-இல் ஸ்காட்லாந்து சபையின் பொதுப் பேரவை குடும்ப ஆராதனைக்கென்று ஒரு வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது. அது கண்டிப்பானது, குடும்ப ஆராதனையைப் புறக்கணிக்கிற வீட்டுத் தலைவனை முதலில் தனிமையில் எச்சரிக்கவும், திருந்தாவிட்டால் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கவும் இடம் கொடுத்தது. அவ்வளவு கண்டிப்பான அந்த வழிகாட்டியே, சொந்தமாக ஜெபிக்கத் தெரியாதவர்கள் எழுதி வைத்த ஜெபத்தைக்கொண்டு தொடங்கலாம் என்றும், வீட்டுத் தலைவன் அதற்குத் தகுதியற்றவனாக இருந்தால் போதகரும் மூப்பர்களும் ஏற்றுக்கொண்ட வேறொருவர் அந்த வீட்டிலிருந்தே அதை நடத்தலாம் என்றும் சொல்லியிருந்தது. ஆகவே ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம். சங்கீதங்களில் ஒன்றை ஜெபமாக வாசித்து ஆமென் சொல்லுவதே ஒரு தகப்பனுக்குப் போதுமான தொடக்கம்.

ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தகப்பன் ஆராதனைக்குப் போனால் இத்தனை சதவீதம் பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைப்பார்கள் என்ற எண்களைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் அதிகம் சொல்லப்படுவது சுவிட்சர்லாந்தில் 1994-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அது ஒரு நாட்டில் ஒரு காலத்தில் ஆராதனைக்கு வருகிற பழக்கத்தை அளந்தது. தகப்பன் வருவதால்தான் பிள்ளை வருகிறது என்பதை அத்தகைய கணக்கெடுப்பு நிரூபிக்க முடியாது, உள்ளத்தில் இருக்கும் விசுவாசத்தை அது அளக்கவும் இல்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது, ஐக்கிய அமெரிக்காவில் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970 முதல் பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு. பெற்றோரின் விசுவாசம் பிள்ளைகளிடம் தொடர்வதில் அன்பான நெருக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றும், அதிலும் தகப்பனோடு உள்ள நெருக்கம் முக்கியமானது என்றும் அது காட்டியது. மிகுந்த பக்தியுள்ளவனாக இருந்தும் குளிர்ந்த மனமும் கடுமையும் உள்ள தகப்பன் பிள்ளையிடம் தன் விசுவாசத்தைக் கடத்துவதில் பின்தங்கினான். இதுவும் ஒரே நாட்டுச் சான்றுதான், இதிலும் காரணம் எது, விளைவு எது என்று திட்டமாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் பவுல் சொன்னதன் முன்பகுதியோடு இது ஒத்துப்போவதால் நான் இதற்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

நடைமுறையில் என்ன செய்வது? பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் தொடங்குங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அதிகாரங்கள்தான், நிகழ்ச்சிகள் வேகமாக நகரும், மகளுக்கும் புரியும். ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சி போதும். வாசித்த பிறகு விளக்கவுரை ஆற்றாதீர்கள். அதற்குத் தயாரிப்பு இல்லாததால்தான் பலர் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். இதில் உனக்குப் புரியாதது என்ன, உனக்கு ஆச்சரியமாக இருந்தது என்ன என்று கேளுங்கள். யாத்திராகமம் 12:26-இல் பஸ்காவைப் பற்றிய கட்டளையே, “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்து அமைந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டு இறுதியில் புகழ்பெற்ற பிரசங்கியாரான யோவான் கிறிசோஸ்தோம் பெற்றோருக்குத் தந்த ஆலோசனை இன்றும் பயன்படும்: காயீன் ஆபேல் சம்பவத்தைப் பிள்ளைக்கு இன்பமாகச் சொல்லுங்கள், சில நாள் கழித்து அதை அவனையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், தாயும் கூட உட்கார்ந்து பாராட்டட்டும், பிறகு ஆலயத்தில் அந்தப் பகுதி வாசிக்கப்படும் நாளில் அவனைக் கூட்டிச் செல்லுங்கள், மற்றவர்கள் அறியாததைத் தான் முன்னமே அறிந்திருப்பதில் அவன் துள்ளி மகிழ்வான் என்கிறார். உங்கள் மகளிடம் இதைச் செய்து பாருங்கள்.

ஜெபத்தில் ஒரு காரியத்தை அறவே தவிருங்கள். நிறைய வீடுகளில் தகப்பன் கண்களை மூடிக்கொண்டு, ஆண்டவரே, இந்தப் பையனுக்குக் கீழ்ப்படிதலைத் தாரும், போனைப் பார்த்து நேரத்தைக் கெடுக்காதபடி காத்துக்கொள்ளும் என்று ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது தேவனிடம் பேசுவது போன்ற தோற்றத்தில் பிள்ளையைத் திட்டுவது. பதில் பேச முடியாத இடத்தில் வைத்துக் கண்டிக்கப்படுகிற பிள்ளை ஜெபத்தையே வெறுக்கத் தொடங்கும். குறை சொல்ல வேண்டுமானால் ஜெபத்துக்கு வெளியே, முகம் பார்த்து, தனியாகச் சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் உங்கள் சொந்தத் தேவைகளுக்காகவும் உங்கள் சொந்தப் பாவங்களுக்காகவும் ஜெபியுங்கள். வேலையைப் பற்றிய பயத்தை, காலையில் மனைவியிடம் கடுமையாகப் பேசியதை, பிள்ளைகள் கேட்கும்படி தேவனிடம் சொல்லுங்கள். பிள்ளையிடம் தவறு செய்திருந்தால் அவனிடமே நேராக மன்னிப்புக் கேளுங்கள். நான் பேசிய இளைஞர்களில் பலர் தங்கள் தகப்பனுடைய விசுவாசம் உண்மை என்று நம்பியதற்குக் காரணமாக அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்ட ஒரு நாளையோ, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் முழங்காலில் நின்றதையோதான் சொன்னார்கள்.

இப்போது உங்கள் மகன். கட்டாயப்படுத்தலாமா என்றால், இதில் வேதம் நேரடியாக விதி எதுவும் தரவில்லை. நான் சொல்லுவது என் தீர்மானம். வீட்டாரோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதை ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் கேட்பது நியாயம்தான். சேர்ந்து சாப்பிடுவது போல அது குடும்பத்தின் ஒழுங்குகளில் ஒன்று. ஆனால் வாய்திறந்து ஜெபிக்கச் சொல்லியோ, நம்பாத ஒன்றை அறிக்கை செய்யச் சொல்லியோ, திடப்படுத்தலுக்கோ ஞானஸ்நானத்துக்கோ பெயர் கொடுக்கச் சொல்லியோ நெருக்காதீர்கள். உள்ளத்தில் இல்லாததை உதட்டால் சொல்லப் பழகுகிற பிள்ளை விசுவாசத்தையே நடிப்பாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. உட்காரவும் மறுத்தால் அன்றைக்கு அதைச் சண்டையாக்காதீர்கள். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், திரும்பி வந்த இளைய குமாரனுக்காக விருந்து நடக்கும்போது மூத்த குமாரன் கோபங்கொண்டு உள்ளே வர மறுத்தான்; அப்போது, “தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்.” அந்தத் தகப்பன் உள்ளேயிருந்து கட்டளையிடவும் இல்லை, வந்தால் வரட்டும் என்று விருந்தைத் தொடரவும் இல்லை. நீங்களும் மகனுடைய அறைக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்ற விசாரணையோடு போகாமல், அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கப் போங்கள். நான் இதை ஏன் இப்போது தொடங்கினேன், எனக்கே எவ்வளவு தெரியாது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

அவன் கேள்விகள் கேட்கலாம்: தேவன் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம், மற்ற மதத்தார் நிலை என்ன, படைப்பும் அறிவியல் பாடமும் எப்படிப் பொருந்தும் என்று. பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, சேர்ந்து தேடலாம் என்று சொல்லி, சொன்னபடி தேடுங்கள். சபையில் இவற்றைப் படித்தவர்கள் இருப்பார்கள். கேள்வி கேட்பதைப் பாவமாகக் காட்டாதீர்கள். தாம் உயிர்த்தெழுந்ததை நம்பத் தயங்கிய சீஷன் தோமாவின் ஐயத்தை இயேசு அப்படி நடத்தவில்லை.

கடைசியாக, கணக்குக் கேட்பாரா என்ற கேள்வி. பிள்ளைகளை அடக்காததற்காக நியாயந்தீர்க்கப்பட்ட ஆசாரியன் ஏலியின் வரலாற்றைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். 1 சாமுவேல் 2, 3-ஆம் அதிகாரங்களை முழுதும் வாசியுங்கள். ஏலியின் குமாரர் வளர்ந்த ஆசாரியர்கள். காணிக்கையைக் கொள்ளையிட்டார்கள், ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியஞ்செய்த பெண்களைக் கெடுத்தார்கள். ஏலி அவர்களை வாயால் கண்டித்தான், ஆனால் அந்தப் பதவியில் விட்டுவைத்தான். தேவனைவிடத் தன் குமாரரை மதித்தான் என்பதே அவன்மேல் வந்த குற்றச்சாட்டு. அடுத்து சாமுவேலின் குமாரரும் பரிதானம் வாங்கி வழிவிலகினார்கள் (1 சாமுவேல் 8:3). அதற்காகச் சாமுவேலை வேதம் குற்றவாளியாக்கவில்லை. யூதாவின் ராஜாக்களில், தீயவனான ஆகாசுக்கு நல்லவனான எசேக்கியா பிறந்தான், எசேக்கியாவுக்குத் தீயவனான மனாசே பிறந்தான், மனாசேயின் மகனும் தீயவனுமான ஆமோனுக்கு நல்லவனான யோசியா பிறந்தான். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம், தகப்பனுடைய அக்கிரமத்தை மகனும் மகனுடைய அக்கிரமத்தைத் தகப்பனும் சுமப்பதில்லை என்று தெளிவாகவே சொல்லுகிறது. பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான் என்ற நீதிமொழிகள் 22:6 ஒரு நீதிமொழி. பொதுவாக வாழ்க்கை எப்படி அமையும் என்று ஞானமாய்ச் சொல்லுகிறது. அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவன் எழுதிக்கொடுத்த உத்தரவாதமாக வாசித்து, விலகிப்போன பிள்ளைகளின் பெற்றோரை நொறுக்குவது அந்த வசனத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. “பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள்” என்று ஏசாயா 1:2-இல் தேவனே சொல்லுகிறார். அவர் உங்களிடம் கேட்பது உங்கள் உண்மையை. மகனுடைய விசுவாசத்தை உண்டாக்குவது ஆவியானவருடைய வேலை.

உங்கள் போதகரிடம் இதைப் பேசுவது நல்லது. ஆனால் மகன் உங்களிடம் நம்பிச் சொன்ன ஐயங்களை அவனுடைய சம்மதம் இல்லாமல் அவரிடம் கொண்டுபோகாதீர்கள், ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பமாகவும் வைக்காதீர்கள். முதலில் அவனிடமே கேளுங்கள்: இதை யாரோடாவது பேச விரும்புகிறாயா, யாரோடு பேசினால் உனக்குச் சுலபமாக இருக்கும் என்று. அவன் உங்கள் மனைவியின் பெயரையோ, வாலிபர் கூட்டத்துத் தலைவர் ஒருவரின் பெயரையோ சொன்னால், உங்களைத் தாண்டிப் போகிறானே என்று வருந்தாமல் அவனை அவர்களிடம் அனுப்பி வையுங்கள்.